முன்னால் வரும் சத்தம்

அந்த அக்கா ஒரு வீட்டுக்கு விசாரணைக்குப் போவதென்றால், அந்த வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் முதலில் போவார். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்துவார். எதிரே ஆடு, மாடு, மனுஷர் எவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஹாரனை ஒரு நீட்டு நீட்டுவார். டீக்கடைக்காரரிடம், போன வாரம்தான் வந்து போன வீட்டுக்கு வழி கேட்பார்.

"அண்ணாச்சி, இந்த வேலம்மா வீடு எங்கன இருக்கு?"

அக்காவுக்கு வழி தெரியும் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவரும் அதே சுருதியில், வேலம்மா வீட்டுக்கு விசாரணைக்கா வந்திருக்கீக என்று தெருக்கோடி வரை கேட்கும்படி திருப்பிக் கேட்பார். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே காதில் விழாது. அக்காவின் குரல் தறியைத் தாண்டும். அப்புறம் ஒரு டீ. அதற்கும் அப்புறம் ஒரு போன். "ஆமா, வந்துட்டேன், தெருவுக்குள்ள நுழையப் போறேன்" என்று அவர் போனில் கத்திக்கொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது. மறுமுனையில் ஆளே இல்லை.

இத்தனையும் முடிந்து அவர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, வாசல் தெளித்திருக்கும். வேலம்மா முகம் கழுவித் தலை சீவியிருப்பாள். வீட்டுக்குள் இருக்கக்கூடாதது எதுவும் இருக்காது.

நலத்துறையில் அவருக்கு வேலை. உதவி கேட்டு விண்ணப்பித்தவர் உண்மையிலேயே ஏழைதானா, விதவைதானா, புருஷன் விட்டுப் போனவள்தானா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டும். அதைப் பார்த்து மேலிடம் கையெழுத்துப் போடும். பெயரைச் சொல்லப் போவதில்லை. கொரோனாவுக்கு முன்பே மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். எங்கே இருந்தாலும் அந்தத் தெருமுனை டீக்கடைகளில் வியாபாரம் நன்றாக இருக்கும்.

எனக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், அமெரிக்கா.

நான் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுப்பவன். நாற்பது தாண்டிய பிறகு, முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் சிரித்துக்கொண்டே சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது. ஓடிப்போய்ப் பகுதிநேர ஆய்வாளனாகப் பதிந்தேன். என் வழிகாட்டிக்கு அமெரிக்க வரலாறு என்றால் உயிர். அவரிடம் வரும் ஆய்வாளர்களுக்கு அந்த நாட்டைக் கூறு போட்டுக் கொடுப்பார். எனக்கு முன்னால் வந்தவருக்குச் சிறைச்சாலை. அடுத்தவருக்கு அனாதை விடுதி. கடைசியில் போன எனக்கு மிஞ்சியது ஏழைகள். 'அமெரிக்காவில் சமூக நலமும் சீர்திருத்தமும்' என்று தலைப்பு. மச்சானைத் துபாய்க்கு வழியனுப்ப மதுரை விமான நிலையம் வரை போனதுதான் என் வெளிநாட்டு அனுபவம்.

பழைய தர்ம சங்கங்களின் அறிக்கைகள் இணையத்தில் கிடைத்தன. ராத்திரி பகலாகப் படித்தேன், அதாவது படிப்பதாக வீட்டில் சொன்னேன். அமெரிக்க ஏழைகளைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போய் வரும்படி என் மனைவி தினமும் கேட்டுக்கொண்டாள். வழிகாட்டியிடமிருந்து போன் வந்தால் எனக்கு உடனே பாத்ரூம் போக வேண்டும். இது உவமை இல்லை.

அந்த அறிக்கைகளில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பெரிய நகரங்களில், வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைகளின் வீடுகளுக்குப் போவார்கள். சிநேகமாகப் போகிறோம் என்றுதான் பெயர். கையில் காசு கொடுக்கக்கூடாது, நல்ல புத்தி கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. அடுப்பு சுத்தமா, படுக்கை சுத்தமா, புருஷன் குடிக்கிறானா, பக்கத்துச் சங்கத்திலும் கை நீட்டியிருக்கிறார்களா என்று குறித்துக்கொண்டு வருவார்கள். அதை வைத்து, உதவிக்குத் தகுதியான ஏழை, தகுதியில்லாத ஏழை என்று பிரிப்பார்கள். அடுத்த நூற்றாண்டில் அரசாங்கமே தாய்மார்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக்குள் ஆண் யாராவது இருக்கிறானா என்று விடியுமுன் கதவைத் தட்டிக் கட்டிலுக்கு அடியில் பார்த்த ஊர்களும் உண்டு. ஆண் இருந்தால் பணம் நின்றுவிடும்.

அக்கா எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் வீட்டு கேட்டில் நின்றுதான் பேசுவோம். யாரையும் உள்ளே கூப்பிட மாட்டார். நான் இந்தக் கதையை எல்லாம் பெருமையாக எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த அம்மாமாருக வீட்டுக்குள்ள நுழையதுக்கு முந்தி வெளிய நின்னு குரல் குடுப்பாகளா?"

அப்படி எதிலும் எழுதவில்லை என்றேன். சொல்லாமல் போய் நின்றால்தான் உண்மை தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"அப்ப அங்கன உள்ளவுக எப்பத்தான் தலை சீவுவாக?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வழிகாட்டி கடைசி அத்தியாயத்துக்கு ஒரு குண்டு போட்டார். அமெரிக்கா போதும், நம் ஊரில் இன்று விசாரணை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்து ஒப்பிட வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார். அனுமதி கேட்டுத் துறைக்கு எழுதிப் பதில் வருவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். அக்காவிடம் போய் நின்றேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஸ்கூட்டரின் பின்சீட்டைக் கொடுத்தார். போகிற இடத்தில் எல்லாம் 'படிக்கிற சார்' என்று என்னை அறிமுகம் செய்தார். நரைத்த மீசையோடு படிக்கிற சார். தெருவே அனுதாபமாகப் பார்த்தது.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீடு. விண்ணப்பத்தில் கால்நடை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அக்கா வழக்கம்போல ஹாரன், வழி கேட்பது, ஆளில்லாத போன் எல்லாம் முடித்துவிட்டுப் போனார். உள்ளே போனதும் எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் உட்காருவார், வீட்டுக்கு முதுகைக் காட்டி. நான் அவருக்கு எதிரே வீட்டைப் பார்த்து உட்கார்ந்தேன், ஆய்வாளன் அல்லவா. கட்டிலில் ஒரு கிழவர் போர்வையைத் தரை வரை தொங்கவிட்டுப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தும்மல். கிழவருடைய வாய் அசையவே இல்லை. இன்னொரு தும்மல், இந்த முறை கூடவே பாதி 'மே'. வீட்டுக்காரப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் வெளுத்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

அக்கா தலையைத் திருப்பாமலே எழுதிக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சளி. தாத்தாவுக்குச் சுக்குத் தண்ணி வச்சுக் குடுங்க" என்றார்.

இதோடு நின்றிருந்தால், இரக்க குணமுள்ள அக்கா என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் அடுத்த வாரமே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. டவுனுக்குள் ஒரு வீடு. இதே ஹாரன், இதே போன். நாங்கள் போனபோது வாசலில் புது பைக் நிற்கிறது. சுவரை அடைத்து டிவி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எங்களுக்கு ஜில்லென்று மோர் எடுத்து வந்தார் வீட்டுக்காரர், மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தவர். எதையும் மறைக்கவில்லை. அடடா, எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று நான் மோரைக் குடித்தேன். அக்கா மோரைத் தொடவில்லை. வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதே, இது தள்ளுபடி என்றார்.

நான் ஏன் என்று கேட்டேன்.

"இவ்வளவு சத்தம் போட்டும் ஒரு துணியக்கூட எடுத்து மேல போடணும்னு தோணலயே தம்பி. இந்தப் பணம் கெடைக்காமப் போயிருமோன்னு அவருக்குப் பயமே இல்ல. பயமில்லாதவருக்கு எதுக்கு?"

பின்சீட்டில் எனக்கு வேர்த்துவிட்டது. அப்படியென்றால் இந்தச் சத்தம் என்ன? மனுஷர்களுக்குத் தலை சீவ நேரம் கொடுக்கும் மரியாதையா? இல்லை, யார் பதறுகிறார்கள் என்று பார்க்கும் வலையா? கட்டிலுக்கு அடியில் பார்த்தவர்களைவிட இவர் பெரிய ஆளோ? சத்தம் கேட்டும் எதுவும் நகராத வீடு என்றால் ஒன்று பணக்கார வீடாக இருக்கும், இல்லை ஒளித்து வைக்கக்கூட எதுவும் இல்லாத வீடாக இருக்கும். இரண்டாவதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? என் அறிக்கைகளில் இதற்குப் பதிலே இல்லை. நான் தூக்கம் கெட்டேன். அக்காவைக் கேட்டில் நிறுத்தி நேராகவே கேட்டேன். உங்க ஆய்வேட்ட எப்பச் சமர்ப்பிக்கணும் என்று பேச்சை மாற்றினார். எனக்கு உடனே பாத்ரூம் போக வேண்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை வந்தது. அக்கா வரும்போது வீடு எப்படி இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சத்தம் கேட்ட பிறகு, அக்கா வந்து சேர்வதற்கு முன்னால், வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அதைப் பார்த்து எழுதிய ஆய்வாளன் உலகத்தில் உண்டா? நான் முன்கூட்டியே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் வழக்கம்போல வாருங்கள் என்றேன். அக்கா ஒரு வீட்டைச் சொன்னார். அந்த வீட்டுக்காரப் பெண் சம்மதித்தால் சரி என்றார்.

அந்தப் பெண்ணை மாரி என்று வைத்துக்கொள்வோம். விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவள். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்குச்சி. புருஷன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். ஒரு பெண் பிள்ளை, பள்ளிக்கூடத்தில். கணவன் கைவிட்ட பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டத்தில் விண்ணப்பித்திருந்தாள். ஏற்கெனவே ஏதோ சான்று சரியில்லை என்று ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் தார்தான்.

காலையில் போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. பின்னால் தகரத்தால் மறைத்த குளிக்கிற இடம், அதற்கு அப்பால் சுவர். மாரி தார் சுற்றிக்கொண்டே பேசினாள். தைக்கத் தெரியும், பக்கத்து வீட்டு மெஷினில் பழகினாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் சீருடை தைத்தாலே போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரலாறு தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த குரல்தான் சரியில்லை. "சார், பாத்து வாங்க சார். சாக்கடைக்கு மூடி இல்ல சார். இப்படி வாங்க சார்." அக்காவின் வாயில் நான் அத்தனை சார் கேட்டதில்லை. மாரியின் கை நின்றது.

"பெரிய ஆபீசர் கூட வாராரு" என்றாள்.

சரி, அதனால் என்ன என்று எனக்கு முதலில் தோன்றியது. எழுந்து நின்று கும்பிடலாம் என்றுகூட நினைத்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒளிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சீக்கிரம் ஒளித்துவிடும்படி பெரிய மனதோடு மாரியிடம் சொன்னேன்.

மாரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வீட்டுல ஒளிக்கதுக்கு நீங்க ஒருத்தருதான் சார் இருக்கீக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷன் விட்டுப் போனவள் வீட்டில், காலை நேரத்தில், மீசை வைத்த ஓர் ஆண். அனுமதிக் கடிதம் கிடையாது. ஆய்வாளன் என்று சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் மாரியின் இயந்திரம் போகும். எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றுதான், அதற்கும் தகரத்துக்குப் பின்னால்தான் போக வேண்டும். போனேன். குளிக்கிற கல்லுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே ஒண்டிக்கொண்டேன். தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை. அதன் வழியாக மாரி என் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதும், என் பையைப் போர்வைக்குள் சுருட்டி மூலையில் வைப்பதும், முகத்தைத் துடைத்துக்கொண்டு தார் சுற்ற உட்காருவதும் தெரிந்தது. எல்லாம் நாலு மூச்சுக்குள். ஒரு நூற்றாண்டு அமெரிக்க விசாரணை வரலாறு முழுவதும் என் தலைக்குள் இருந்தது, அந்தத் தலை ஒரு வாளிக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு மேற்கோள்கூட ஞாபகம் வரவில்லை. கொசு கடித்தது. அடிக்கக்கூட தைரியம் இல்லை.

வந்தார்கள். அதிகாரியின் குரல் கனமாக இருந்தது, கெட்ட குரல் என்று சொல்ல முடியாது. பெயர், வயது, பிள்ளை, தைக்கத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். மாரி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, அலுங்காமல் பதில் சொன்னாள். புருஷன் வந்து போவதுண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். வீட்டில் வேறு ஆண் துணை உண்டா? அதற்கும் இல்லை என்றாள்.

"அப்ப வாசல்ல கிடக்குத ஆம்பளச் செருப்பு யாரோடது?"

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து விழுந்து கும்பிட்டுவிடலாமா என்று ஒரு கால் கிளம்பியது. மற்ற கால் வரவில்லை. மாரி என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் தெரியும்.

"என்னோடது சார்" என்றார் அக்கா.

"உங்களோடதா?"

"குதிகால்ல வெடிப்பு சார். எங்க வீட்டுக்காரர் செருப்பத்தான் போட்டுக்கிட்டு அலையுதேன்."

எங்கள் தெருவில் அவருடைய வீட்டுக்காரரைப் பார்த்தவர் எவரும் கிடையாது. அப்படி ஒருவர் உண்டா, இருந்து போனாரா, போய் எத்தனை காலம் ஆயிற்று, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அந்த நிமிஷம் வரை கேட்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. பிறகும் நான் கேட்கவில்லை.

கிளம்பினார்கள். வாசலில் சரக், சரக் என்று என் செருப்பு தெருவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. என் காலுக்கே அது கொஞ்சம் பெரிய செருப்பு.

வெகுநேரம் கழித்துத்தான் மாரி தகரத்தைத் தட்டினாள். வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின் கிடைக்குமா சார் என்று சுவரைப் பார்த்தே கேட்டாள். போர்வைக்குள்ளிருந்து என் பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் அக்காவின் சின்னச் செருப்பு மட்டும் கிடந்தது. அதை என் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். வெயில் சுட்டது. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பற்றித் தெரியாதவர் அந்தத் தெருவில் ஒருவரும் இருந்திருக்க முடியாது. ஆனால் நான் நெருங்க நெருங்க, ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பெண் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். இன்னொருவர் ஓடுகிற தறியையே குனிந்து ஆராய்ந்தார். டீக்கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டி நின்று பாய்லரைத் துடைத்தார்.

மறுநாள் கேட்டில் நின்று செருப்பு மாற்றிக்கொண்டோம். அந்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்திருக்குமா, அறிக்கை என்ன ஆகும், உங்கள் வேலை என்ன ஆகும் என்று கொட்டித் தீர்த்தேன்.

"சந்தேகமா? அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கீக?" என்றார் அக்கா. "தெரு தாண்டுற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. வண்டிக்கிட்ட வந்ததும், 'செருப்பு ரொம்பப் பெருசா இருக்கும்மா, தட்டி விழுந்துராதீங்க'ன்னாரு. ஸ்கூட்டர் சீட்டு மேலயே வச்சு மாரி பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

அடுத்து வந்த அரசு விழாவில் மாரிக்கு இயந்திரம் கிடைத்தது. எனக்குத்தான் கடைசி அத்தியாயம் கிடைக்கவில்லை. எழுத எழுத எங்கேயாவது அக்கா தெரிந்தார், இல்லை மாரி தெரிந்தாள், இல்லை தகரம் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். வழிகாட்டியிடம் கொண்டுபோனபோது களஆய்வு என்ற தலைப்பின் கீழ் இரண்டே வாக்கியம் நின்றது. கணவன் கைவிட்ட ஒரு பெண்ணின் வீட்டில் விசாரணை நடைபெற்றது. விசாரணையின்போது அந்த வீட்டில் ஆண் எவரும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஆய்வாளர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்ததும் எனக்கு வழக்கமான இடத்துக்குப் போக வேண்டும் போல வந்தது. அவர் கேட்டது வேறு.

"இதுக்கு என்னய்யா ஆதாரம்?"

"தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க சார்" என்றேன். "ஒருத்தர்கூட மாத்திச் சொல்ல மாட்டாக."